சாலுக்கு ஒட்டுப் போடலாம், வடத்துக்குப் போடக் கூடாது

போன மாசம் வேர்க்கடலைக்கு ஜிப்சம் போடுறதைப் பத்தி எழுதினேன். இந்தத் தடவை காரோட பின் கண்ணாடி. சேத்துல நிக்கிற ஆளுக்குக் கார் கண்ணாடியில என்ன வேலைன்னு நினைக்காதீங்க. எங்க படாளத்துல இன்னைக்கு மாட்டு வண்டியைத் தேடித்தான் பார்க்கணும். பழைய கார் தெருவுக்கு நாலு நிக்குது. உர மூட்டை, பால் கேன், ஆஸ்பத்திரிக்குப் போற வயசானவங்கன்னு எல்லாம் அதுலதான் போவுது. அந்தக் கார்கள்ல ரெண்டு மூணுக்குப் பின்னாடி கண்ணாடி இருக்காது. யூரியா சாக்கு இருக்கும்.

என் கருத்தை முதல்லயே சொல்லிடுறேன். எதையும் ஒட்டுப் போட்டு ஓட்டுறது எங்க கிராமத்துப் புத்தி. அது நல்ல புத்திதான், ஆனா பின் கண்ணாடி விஷயத்துல அது உதவாது. சின்னக் கீறல் விழுந்தாலும் மொத்தமா மாத்திடுறது பட்டணத்துப் புத்தி. அதுவும் உதவாது. எப்ப மாத்தணும், எப்ப வேண்டாம்னு பிரிச்சுப் பார்க்க ஒரு அளவுகோல் வேணும்.

அந்த அளவுகோல் எங்க தாத்தா காலத்துக் கவலை ஏத்தத்துலயே இருக்கு. கிணத்துல இருந்து மாடு கட்டித் தண்ணி இறைக்கிறதைத்தான் கவலைன்னு சொல்வோம். அதுல சால் ஒண்ணு, வடம் ஒண்ணு. சால் தண்ணி மொள்ளுறது, வடம் அதை இழுக்குற தடிக் கயிறு. சால் ஓட்டையானா ஒட்டுப் போடுவாங்க, பத்து ஒட்டு இருந்தாலும் இறைப்பாங்க. கொஞ்சம் தண்ணி ஒழுகும், அவ்வளவுதான். ஆனா வடத்துல ஒரு புரி பிரிஞ்சிடுச்சின்னா அன்னைக்கு இறவை கிடையாது. பாரம் இழுத்துக்கிட்டு மாடு சரிவுல இறங்கும்போது வடம் அறுந்தா, மாடும் ஓட்டுறவனும் முன்னாடி போய் விழுவாங்க. ஒழுகுற பொருள் கெட்டா ஒட்டுப் போடலாம். அறுந்து விழுற பொருள் கெட்டா மாத்திடணும். கார்ல முன் கண்ணாடி சால் மாதிரி, பின் கண்ணாடி வடம் மாதிரி.

ஏன் அப்படின்னு கேட்டா, ரெண்டும் வேற வேற கண்ணாடி. நிறைய பேருக்கு இது தெரியறதில்லை.

முன் கண்ணாடி ரெண்டு தகடு. நடுவுல பிளாஸ்டிக் மாதிரி ஒரு படலத்தை வெச்சு அழுத்தி ஒட்டினது. லாமினேட்டட்னு சொல்வாங்க. பிரான்ஸ்ல எடுவார் பெனடிக்டஸ்னு ஒரு ரசாயனக்காரர் இருந்தார். 1903-ல அவர் கூடத்துல ஒரு கண்ணாடிக் குடுவை கீழ விழுந்து உடைஞ்சுது, ஆனா சிதறலை. உள்ள ஒரு ரசாயனம் காய்ஞ்சு தோல் மாதிரி ஒட்டி இருந்ததுதான் காரணம். அதுல இருந்து பொறந்த யோசனை இது. அதனாலதான் முன் கண்ணாடியில கல்லு பட்டா விரிசல் விழுந்து அப்படியே நிக்குது. ஒரு ரூபாய்க் காசு அளவுக்குள்ள இருந்து, ஓட்டுறவர் பார்வைக்கு நேரா இல்லாம, ஓரத்துலயும் இல்லாம இருந்தா, ரெசின் ஊத்தி அடைச்சிடலாம். அது சால் ஒட்டு.

பின் கண்ணாடி பெரும்பாலான கார்கள்ல ஒரே தகடுதான். அதை 600 டிகிரிக்கு மேல சூடு பண்ணி, ரெண்டு பக்கமும் வேகமா காத்தடிச்சு ஆற வைப்பாங்க. மேல்தோல் சட்டுனு இறுகிடும், உள்ள மெதுவா ஆறும். அப்படி ஆறும்போது உள்பக்கம் தோலை இழுத்துப் பிடிச்சிக்கும். டெம்பர்டு, டஃபன்டு ரெண்டும் இதுக்குத்தான் பேர். நெல்லு காய வைக்கிறவங்களுக்கு இது சுலபமா புரியும். கடும் வெயில்ல அவசரமா காய வெச்சா மேல காஞ்சு உள்ள ஈரம் நின்னு, அரிசி உள்ளுக்குள்ளயே வெடிச்சு மில்லுல நொய்யா கொட்டும். வெளியும் உள்ளும் ஒண்ணுக்கொண்ணு இழுத்துக்கிற அந்த இழுபறி நெல்லுல கெடுதல். கண்ணாடியில அதுவே பலம். ஆனா ஒரு இடத்துல தோல் கிழிஞ்சு உள்ள வரைக்கும் போச்சுன்னா, மொத்த இழுபறியும் ஒரே நொடியில அவுந்து, முழுக் கண்ணாடியும் கல்கண்டு கல்கண்டா கொட்டிடும். கூரான சில்லு இல்லாம மழுங்கின துண்டா கொட்டுறதுதான் அதோட நல்ல குணம்.

அதனால பின் கண்ணாடியில சின்ன விரிசல்னு ஒண்ணு கிடையாது. முழுசா இருக்கும், இல்லைன்னா கொட்டிப் போயிருக்கும்.

எங்க பக்கம் இது எப்படியெல்லாம் உடையுதுன்னும் சொல்லணும். செங்கல்பட்டு தாண்டி பாலாத்துப் பாலம், மாமண்டூர், அப்புறம் படாளம். ஜி.எஸ்.டி. ரோட்டுல ஜல்லி லாரியும் எம்-சாண்ட் லாரியும் ராப்பகலா ஓடுது. அது தெறிக்கிற கல்லு முன் கண்ணாடிக்குத்தான் வரும்னு நினைப்போம். ரோட்டோரம் நிறுத்தி இருந்தா பின் கண்ணாடிக்கும் வரும். கரும்பு சீசன்ல படாளம் சர்க்கரை ஆலைக்குப் போற டிராக்டர்கள்ல கரும்பு பின்னாடி நீட்டிக்கிட்டு இருக்கும். ராத்திரியில ரிவர்ஸ் எடுக்கிறவங்க அதுல இடிச்சிக்குவாங்க. சொட்டு நீருக்கு வாங்கின பி.வி.சி. பைப்பு ஒரு சாண் வெளிய நிக்கும்போது டிக்கிக் கதவை ஓங்கிச் சாத்துறது இன்னொண்ணு. பைப்பு கடையில இருந்து வீடு வர்றதுக்குள்ள கண்ணாடி போயிடும்.

வேடந்தாங்கலுக்குப் பறவை பார்க்க வர்றவங்க படாளத்துலதான் திரும்புறீங்க. நவம்பர்ல இருந்து பிப்ரவரி வரைக்கும் எங்க வயலோரம் கார் நிக்காத ஞாயித்துக்கிழமை இல்லை. நிறுத்தறதுக்கு முன்னாடி சுத்தி ஒரு பார்வை பாருங்க. வரப்புல யாராவது தோள்ல மிஷின் மாட்டிப் புல்லு வெட்டுறாங்களா? அந்த பிரஷ் கட்டர் கூழாங்கல்லைத் தூக்கி அடிச்சா கவண்கல்லு மாதிரி வரும். சுத்தி 15 மீட்டருக்குள்ள ஆள் நிக்கக் கூடாதுன்னு மிஷினோட வர்ற புத்தகத்துலயே போட்டிருக்கும். காருக்கும் அந்தத் தூரம் போதும்னு சொல்ல மாட்டேன், இன்னும் தள்ளியே நிறுத்துங்க.

சரி, அடி பட்டாச்சு. மாத்தணுமா, வேண்டாமா? எவ்வளவு பெருசா பட்டிருக்குன்னு பார்க்காதீங்க, என்ன பட்டிருக்குன்னு பாருங்க.

ஒண்ணு, மேல் கீறல். நகத்தை வெச்சு இழுத்தா நகம் மாட்டக் கூடாது. மாட்டலைன்னா அது தோல் கீறல்தான். பாலிஷ் போட்டுக்கலாம், இல்லை அப்படியே விட்டுடலாம். மாத்த வேண்டாம்.

ரெண்டு, உப்புக் கறை. போர் தண்ணியில கார் கழுவி வெயில்ல காய விட்டா வெள்ளைப் புள்ளி புள்ளியா பிடிக்கும். மாமல்லபுரம், கல்பாக்கம் பக்கம் கடற்கரையோரம் இருக்கிறவங்களுக்குக் கேக்கவே வேணாம். கண்ணாடியே மங்கிப் போச்சுன்னு பயந்து மாத்தினவங்களை எனக்குத் தெரியும். அது கறை. தேய்க்கத் தெரிஞ்சவங்க தேய்ச்சா பெரும்பாலும் போயிடும். மாத்த வேண்டாம்.

மூணு, டீஃபாகர் கோடு அறுந்தது. பின் கண்ணாடியில குறுக்கா சிவப்பு, பழுப்பு நிறத்துல மெல்லிசா கோடு ஓடும் பாருங்க, அதுல கரண்ட் போய் சூடாகி பனியைப் போக்கும். மார்கழி காலையில பாலாத்தங்கரையில ஓட்டினவங்களுக்கு அதோட அருமை தெரியும். மூட்டை உரசினாலோ, ஸ்டிக்கரை பிளேடால சுரண்டினாலோ கோடு அறுந்துடும். ஒண்ணு ரெண்டு கோடு அறுந்ததுக்கு முழுக் கண்ணாடியையும் மாத்தச் சொன்னா ஒத்துக்காதீங்க. கரண்ட் கடத்துற வெள்ளி பெயின்ட் இருக்கு, அறுந்த இடத்துல தடவி இணைச்சிடலாம்.

நாலு, மழைத் தண்ணி உள்ள வர்றது. இதுல கண்ணாடி மேல குத்தமே இருக்காது. சுத்தி இருக்கிற ரப்பர் பீடிங் வெடிச்சிருக்கும், இல்லை ஒட்டுப் பசை விட்டிருக்கும், இல்லை அடியில தகரம் துரு பிடிச்சிருக்கும். உப்புக் காத்து அடிக்கிற ஊர்ல இந்த மூணாவதுதான் அதிகம். துருவைச் சுரண்டிச் சரி பண்ணாம புதுக் கண்ணாடி போட்டா, புதுக் கண்ணாடி வழியாவும் ஒழுகும்.

அஞ்சு, பள்ளம். கல்லு பட்டு சின்னதா ஒரு குழி விழுந்திருக்கு, ஆனா உடையலை. இங்கதான் எல்லாரும் குழம்புறாங்க. முன் கண்ணாடி மாதிரி ரெசின் ஊத்தலாமேன்னு கேப்பாங்க. கூடாது. நகம் மாட்டுற அளவுக்குக் குழி இருந்தா, முக்கியமா அது ஓரத்துல இருந்தா, தோல் கிழிஞ்ச மாதிரிதான். டஃபன்டு கண்ணாடிக்கு உயிர் நிலையே ஓரம்தான். ஒரு நாள் மதிய வெயில்ல நிறுத்தி ஏ.சி. போடும்போதோ, டிக்கிக் கதவைச் சாத்தும்போதோ கொட்டும். என்னைக்குன்னு யாராலயும் சொல்ல முடியாது. இது பிரிஞ்ச வடம். மாத்துங்க.

ஆறு, கொட்டிப் போனது. இதுல யோசிக்க ஒண்ணுமில்லை. எப்ப மாத்துறதுங்கிறதுதான் கேள்வி. எங்க ஊர்ல அதுக்குப் பதில் "கரும்புக் காசு வரட்டும்".

அங்கதான் யூரியா சாக்கு வருது. அதைப் பத்திச் சொல்லத்தான் இவ்வளவும் எழுதுறேன்.

எங்க பக்கத்து நிலத்துக்காரர் ஒருத்தர், என்னைவிட மூத்தவர், அண்ணன்னுதான் கூப்பிடுவேன். அவர்கிட்ட பழைய ஆம்னி வேன் இருக்கு. பின் கண்ணாடி உடைஞ்சு நாலு மாசமா சாக்கைக் கட்டி ஓட்டினார். அவங்க அம்மாவை, ஆயான்னு சொல்வோம், வாரத்துக்கு ரெண்டு நாள் டயாலிசிஸுக்கு செங்கல்பட்டு கூட்டிக்கிட்டுப் போவணும். ஆயாவைப் பின் சீட்டுல படுக்க வெச்சு, தூசு வராம முன் ஜன்னலை எல்லாம் ஏத்திட்டு ஓட்டுவார். ஆயாவுக்கு ஒவ்வொரு தடவையும் தலைவலி, குமட்டல். டயாலிசிஸ் பண்ணா அப்படித்தான் இருக்கும்னு எல்லாரும் சொன்னாங்க. ஆயாவே அப்படித்தான் நம்புச்சு.

நர்சிங் படிக்கிற பேத்தி பொங்கல் லீவுல வந்தப்ப ஒரே ஒரு கேள்வி கேட்டுச்சு. "ஆயா, போவும்போது வலிக்குதா, வரும்போது வலிக்குதா?"

"போவும்போதே ஆரம்பிச்சிடுது கண்ணு."

ஆஸ்பத்திரிக்குப் போறதுக்கு முன்னாடியே வலி வந்தா அது வைத்தியத்தால வந்த வலி இல்லையே.

மண் ரோட்டுல வந்த காரைப் பின்னாடி போய்ப் பாருங்க. பக்கவாட்டைவிட பின்பக்கம்தான் புழுதி அப்பி இருக்கும். வண்டி காத்தைக் கிழிச்சிக்கிட்டு முன்னாடி போவும்போது பின்னாடி ஒரு வெத்திடம் மாதிரி உண்டாகி, காத்து சுழண்டு வண்டிப் பக்கமே திரும்பி வருது. புழுதியும் அதோட வருது. சைலன்சர் புகையும் அதே இடத்துலதான் வெளிய வருது. பின்னாடி கண்ணாடி இருக்கிற வரைக்கும் அது வெளியவே போயிடும். ஓட்டை இருந்தா உள்ள ஏறும். முன் ஜன்னலை மூடினா இன்னும் அதிகமா உள்ளயே தேங்கும். டிக்கிக் கதவைத் திறந்து வெச்சு ஓட்டாதீங்கன்னு கார் கம்பெனிக்காரங்க புத்தகத்துல போடுறது இதுக்காகத்தான்.

அந்தப் புகையில கார்பன் மோனாக்சைடு இருக்கு. நிறம் கிடையாது, வாசனை கிடையாது. நம்ம ரத்தம் ஆக்சிஜனைப் பிடிக்கிறதைவிட 200 மடங்குக்கு மேல பலமா இதைப் பிடிச்சிக்கும். முதல்ல தலைவலி, அப்புறம் குமட்டல், அப்புறம் தூக்கம். அதிகமானா எழுந்திருக்கவே மாட்டாங்க. பழைய வண்டியில புகையும் கூடுதலா வரும். ரத்தம் குறைஞ்சவங்களுக்கும் இதய நோய்க்காரங்களுக்கும் சின்னப் பிள்ளைங்களுக்கும் கொஞ்சமே போதும். இவங்க மூணு பேரையும்தான் நாம பின் சீட்டுல உக்கார வைக்கிறோம்.

ஆயாவுக்கு வந்தது புகையாலதான்னு நான் சத்தியம் பண்ண மாட்டேன், யாரும் ரத்தம் எடுத்துப் பார்க்கலை. ஆனா அந்த வாரமே கண்ணாடி போட்டாச்சு. அதுக்கப்புறம் போவும்போது தலைவலி வரலை. கண்ணாடி போடுறதுக்கு முந்தின நாள் அந்த வேன்ல பின்னாடி உக்காந்து மதுராந்தகம் வரைக்கும் போனேன். இறங்கும்போது என் சட்டையில புகை நாத்தம் அடிச்சுது. அதுக்கு மேல எனக்கு சாட்சி வேணாம்.

அவசரத்துக்கு சாக்கோ பிளாஸ்டிக் ஷீட்டோ கட்டுறதைத் தப்புன்னு சொல்லலை. நீங்க குடும்பத்தோட வரும்போது நடுவழியில கண்ணாடி கொட்டிப் போனா வேற வழியில்லை. அப்ப செய்ய வேண்டியது இது. முதல்ல ஓரமா நிறுத்தி எல்லாரையும் ரோட்டுக்குத் தள்ளி இறக்கிடுங்க. கையால பிடுங்காதீங்க, துணி சுத்திக்கிட்டு எடுங்க. துண்டு மழுங்கினதா இருந்தாலும் கண்ணுல பட்டா கெடுதல்தான். பின் சீட்டு இடுக்கு, பெல்ட் கொக்கி மாட்டுற பள்ளம் எல்லாம் தட்டிப் பார்க்காம பிள்ளைங்களை உக்கார வைக்காதீங்க. தடிமனான பிளாஸ்டிக் ஷீட்டை வெளிப்பக்கமா வெச்சு நாலு ஓரமும் டேப் போட்டு அடைங்க. முன் ஜன்னல் ரெண்டையும் இறக்கி விடுங்க. ஏ.சி. போட்டா வெளிக்காத்து வர்ற மாதிரி வெச்சுக்குங்க, உள் காத்தையே சுத்த விடாதீங்க. மெதுவா வீட்டுக்குப் போங்க. அந்த ஏற்பாடு வீடு போய்ச் சேர வரைக்கும்தான், கரும்புக் காசு வர வரைக்கும் இல்லை.

இன்னொரு ஆபத்தான ஒட்டு இருக்கு. காசு குறைவா இருக்கேன்னு சிலர் வீட்டு ஜன்னலுக்குக் கண்ணாடி வெட்டுற கடைக்குப் போய் அளவு குடுத்து வெட்டி மாட்டிக்கிறாங்க. தயவு செஞ்சு இதைச் செய்யாதீங்க. டஃபன்டு கண்ணாடியை ஆற வெச்ச பிறகு யாராலயும் வெட்ட முடியாது, வெட்டினா கொட்டிடும். அளவு எடுத்துக்கிட்டு கண்ணெதிரே வெட்டித் தர்றேன்னு ஒருத்தர் சொன்னா, அது சாதா கண்ணாடின்னு அங்கயே முடிவு பண்ணிடலாம். அது உடைஞ்சா கத்தி கத்தியா வரும். பழைய கார் வாங்கப் போறீங்க, பின் கண்ணாடியில ஒரு முழத்துக்கு விரிசல் ஓடி அப்படியே நிக்குதுன்னா, அதையும் சந்தேகப்படுங்க. டஃபன்டு கண்ணாடி அப்படி விரிசலோட நிக்காது.

நல்ல கண்ணாடியைக் கண்டுபிடிக்க ஓரத்துல அச்சடிச்சிருக்கிறதைப் படிங்க. ஐ.எஸ். 2553-ங்கிற எண்ணும் ஐ.எஸ்.ஐ. முத்திரையும் பாருங்க, அது வண்டிக்கான பாதுகாப்புக் கண்ணாடியோட இந்தியத் தரம். எங்க செங்கல்பட்டுக்குப் பக்கத்துலயே ஸ்ரீபெரும்புதூர்ல செயின்ட் கோபைன் கண்ணாடித் தொழிற்சாலை இருக்கு. கண்ணாடி பக்கத்துல உருகி வருது, நாம சாக்கு கட்டி ஓட்டுறோம்.

புதுசு வாங்க முடியலைன்னா பழைய ஒரிஜினல் வாங்குறதுல கேவலம் இல்லை. ஆம்னி 2019-லயும் அம்பாசிடர் 2014-லயும் நின்னு போச்சு. மறைமலை நகர்ல கார் செஞ்ச ஃபோர்டு இந்தியாவுல தயாரிப்பை நிறுத்துறதா 2021-ல அறிவிச்சுது. இந்த மாதிரி வண்டிக்கெல்லாம் சென்னை புதுப்பேட்டையில கழட்டின கண்ணாடி தேடலாம். முத்திரை இல்லாத புதுசைவிட முத்திரை உள்ள பழசு மேல். வாங்கும்போது நாலு ஓரத்தையும் விரலால மெதுவா தடவிப் பாருங்க. ஓரத்துல சில்லு பேந்திருந்தா இனாமா குடுத்தாலும் வேண்டாம். டீஃபாகர் ஒயர் மாட்டுற முனை ரெண்டும் இருக்கான்னும் பாருங்க.

மாட்டுறதுலயும் ரெண்டு வகை. ஆம்னி மாதிரி பழைய வண்டியில ரப்பர் பீடிங் போட்டு மாட்டுவாங்க, மாட்டின உடனே ஓட்டலாம். புது மாடல்கள்ல பசை போட்டு ஒட்டுவாங்க. அது இறுக சில மணி நேரம் ஆகும், எவ்வளவு நேரம்னு ஒட்டுறவரையே கேட்டுக்குங்க. அது வரைக்கும் ஓட்டாதீங்க, கதவை ஓங்கிச் சாத்தாதீங்க, ஒரு ஜன்னலைக் கொஞ்சம் இறக்கி வைங்க.

சட்டமும் இதுல இருக்கு. 1989 மத்திய மோட்டார் வாகன விதிகள்ல 100-வது விதி, முன் கண்ணாடியும் பின் கண்ணாடியும் 70 சதவீதம் வெளிச்சத்தை விடணும், பக்கக் கண்ணாடி 50 சதவீதம் விடணும்னு சொல்லுது. கண்ணாடியில கறுப்பு பிலிம் ஒட்டுறதை உச்ச நீதிமன்றம் 2012 ஏப்ரல் 27-ல தடை பண்ணிச்சு. கறுப்பு பிலிமுக்கே அவ்வளவு கண்டிப்புன்னா யூரியா சாக்கு எத்தனை சதவீதம் வெளிச்சம் விடும்னு நீங்களே கணக்குப் போட்டுக்குங்க. 15 வருஷம் முடிஞ்சு ஆர்.சி. புதுப்பிக்க ஆர்.டி.ஓ. ஆபீசுக்கு வண்டியைக் கொண்டு போகும்போது எப்படியும் போட்டுத்தான் ஆகணும். அன்னைக்குப் போடப் போற காசை இன்னைக்கே போட்டா ஆயா நிம்மதியா போய் வரும்.

இப்ப இன்சூரன்ஸ் கணக்கு. பட்டணத்துல "கிளெய்ம் பண்ணிடலாம் சார்"னு ஒரு வார்த்தையில முடிச்சிடுறாங்க. தேர்ட் பார்ட்டி மட்டும் போட்டிருந்தா ஒரு பைசா வராது, எங்க ஊர் வண்டி பாதி அப்படித்தான். முழு பாலிசி இருந்தா, கண்ணாடிக்குத் தேய்மானம்னு கழிக்க மாட்டாங்க, அது நல்ல விஷயம். ஆனா 1500 சி.சி. வரைக்கும் உள்ள காருக்குக் கட்டாயமா 1000 ரூபாய் நாம போடணும். கிளெய்ம் பண்ணா நோ கிளெய்ம் போனஸ் போயிடும்.

ஒரு உதாரணம். உங்க வண்டிச் சேதத்துக்கான பிரீமியம் வருஷம் 3000 ரூபாய், மாறாம இருக்குன்னு வெச்சுக்குங்க. இத்தனை வருஷம் கிளெய்ம் பண்ணாததால 50 சதவீதம் போனஸ் வாங்குறீங்க. கண்ணாடி 4500 ரூபாய். கிளெய்ம் பண்ணா 3500 கைக்கு வரும். அடுத்த வருஷம் போனஸ் சைபர். அதுக்கப்புறம் 20, 25, 35, 45-ன்னு ஏறி, ஆறாவது வருஷம்தான் திரும்ப 50. அந்த அஞ்சு வருஷத்துல நீங்க இழக்கிறது 1500, 900, 750, 450, 150. கூட்டினா 3750. 3500 வாங்க 3750 குடுக்குறோம். இதே கண்ணாடி 12,000 ரூபாய்னா 11,000 வரும், தாராளமா கிளெய்ம் பண்ணுங்க. போனஸ் போகாம காப்பாத்துற தனி சேர்க்கை எடுத்திருந்தாலும் கணக்கு மாறும். பேப்பர்ல பேனா வெச்சு ரெண்டு நிமிஷம் போட்டுப் பார்த்துட்டு முடிவு பண்ணுங்க.

இதெல்லாம் உங்களுக்கு எதுக்கு இவ்வளவு விளக்கமா எழுதுறேன்னா, நீங்க கழிச்ச வண்டிதான் எங்க ஊர்ல புது வண்டி. தாம்பரத்துலயும் வேளச்சேரியிலயும் பத்து வருஷம் ஓடின கார், புரோக்கர் கை மாறி ஜி.எஸ்.டி. ரோடு வழியா எங்ககிட்டதான் வந்து சேருது. விக்கப் போற வண்டிதானேன்னு பின் கண்ணாடியில குழியோட தள்ளி விடுறீங்க. வாங்குறவனும் விலை குறைஞ்சுதேன்னு சந்தோஷமா வாங்குறான். ஒரு வெயில் நாள்ல அது கொட்டிப் போனா அவன் கையில புதுக் கண்ணாடிக்குக் காசு இருக்காது, சாக்குதான் இருக்கும். அந்தச் சாக்குக்கு முன்னாடி அவன் அம்மா படுத்திருப்பாங்க.

அதனால விக்கிறதுக்கு முன்னாடி அதை மாத்திட்டு விலையில சேர்த்துக்குங்க, வாங்குறவன் குடுப்பான். இல்லைன்னா கண்ணாடிக் காசைக் கழிச்சிட்டு, "இது தாங்காது, முதல்ல இதை மாத்து"ன்னு வாய் திறந்து சொல்லுங்க. கீறலுக்கும் கறைக்கும் நீங்க கண்ணாடி மாத்தி வீணாக்குற காசு இதுக்குப் போதும்.

அடுத்த தடவை தர்பூசணி விதைப்பு பத்தி எழுதுறேன். வேடந்தாங்கல் வர்றவங்க படாளம் கூட்ரோட்டுல டீ குடிச்சிட்டுப் போங்க. காரைப் புல்லு வெட்டுற இடத்துக்குத் தள்ளி நிறுத்துங்க.